மறுப்புரை முதலில், சமரசம் பிறகு

இங்கிலாந்தின் தனியார் பார்க்கிங் வழக்குகள் பற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தொகையில் சிறியது. அது வந்து சேரும் வீட்டில் மட்டும் சிறியதாக இருப்பதில்லை. இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கார் பார்க்கில் வண்டியை நிறுத்துகிறோம். இரண்டு மணி நேரம் இலவசம் என்கிறது பலகை. சாமான் வாங்கித் திரும்ப இரண்டரை மணி நேரம் ஆகிவிடுகிறது. சில நாளில் 100 பவுண்டு கேட்டுக் கடிதம் வருகிறது. 14 நாளுக்குள் கட்டினால் 60 பவுண்டு போதும் என்கிறது. கட்டாமல் விட்டால் கடன் வசூலிக்கும் நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம், பிறகு வழக்கறிஞர் அலுவலகத்திடமிருந்து ஒன்று, கடைசியில் நீதிமன்ற முத்திரையோடு வழக்குப் படிவம். தனியார் பார்க்கிங் நிறுவனங்கள் வண்டியின் பதிவு உரிமையாளர் யார் என்பதை டிவிஎல்ஏ என்னும் அரசு வாகனப் பதிவு முகமையிடம் ஒரு விவரத்துக்கு இரண்டரைப் பவுண்டு கொடுத்து வாங்குகின்றன. அப்படி வாங்கப்படும் விவரங்கள் இப்போது ஆண்டுக்கு ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. கோர்ட் வாசலையே மிதித்திராத பல குடும்பங்களுக்கு முதன்முதலாக நீதிமன்றக் காகிதத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது இந்தச் சிறிய கோரிக்கைதான்.

இதைப் பற்றி நம்மிடையே இரண்டு அறிவுரைகள் உலவுகின்றன. "கட்டித் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்" என்பது ஒன்று. "ஒன்றும் செய்ய மாட்டார்கள், கிழித்துப் போடுங்கள்" என்பது மற்றொன்று. இரண்டும் எதிரெதிராகத் தோன்றினாலும், வந்த காகிதத்தைப் படிக்காமலே முடிவுக்கு வருவதில் இரண்டும் ஒன்றுதான். தீர்ப்பு வருவதற்கு முன்பே வழக்கைப் பேசித் தீர்த்துக்கொள்வது மானக்கேடான செயல் அல்ல. பெரும்பாலும் அதுதான் விவேகம். ஆனால் அந்தச் சமரசம் நியாயமாக இருக்க ஒரு நிபந்தனை உண்டு. வேண்டுமானால் தீர்ப்பு வரை போக நம்மால் முடியும் என்ற நிலையில் நின்றுகொண்டு அதைப் பேச வேண்டும். நம் மறுப்புரையை முழுதாக எழுதிக் கோர்ட்டில் தாக்கல் செய்த பிறகு பேசும் சமரசம் நீதியின் ஒரு வடிவம். அச்சத்தில், கெடு தெரியாமல், கேட்ட தொகையைக் கொடுத்து முடிப்பது அந்தப் பெயருக்குத் தகுதியானதல்ல. இந்த ஒரு கருத்தைத்தான் இன்று நிறுவ விரும்புகிறேன்.

முதலில் எல்லையை வரையறுத்துக்கொள்வோம். கவுன்சில் தெருவில் கொடுக்கும் அபராதச் சீட்டு வேறு, தனியார் நிலத்தில் நிறுவனம் அனுப்பும் கட்டணச் சீட்டு வேறு. முன்னது சட்டம் விதித்த அபராதம். அதற்கு மேல்முறையீடு செய்யத் தனித் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. பின்னது ஓர் ஒப்பந்தக் கோரிக்கை மட்டுமே. பலகையில் எழுதிய நிபந்தனையை ஏற்று வண்டியை நிறுத்தினீர்கள், அதை மீறினீர்கள், ஆகவே பணம் தர வேண்டும் என்பதுதான் நிறுவனத்தின் வாதம். அந்தப் பணத்தை அது தானாக எடுத்துக்கொள்ள முடியாது. கவுன்டி கோர்ட்டில் வழக்குப் போட்டு, வாதி என்ற முறையில் தன் கோரிக்கையை மெய்ப்பிக்க வேண்டும். 2012ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் இந்த உறவை மாற்றி அமைத்தது. தனியார் நிலத்தில் வண்டிச் சக்கரத்தைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் வழக்கத்தை அது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடை செய்தது. அதே சட்டத்தின் நான்காம் அட்டவணை, ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டால் பதிவு உரிமையாளரிடமே கட்டணம் கேட்கும் உரிமையைச் சில கறாரான நிபந்தனைகளோடு நிறுவனங்களுக்குக் கொடுத்தது. "கிழித்துப் போடுங்கள்" என்ற அறிவுரைக்கு அதற்கு முன் ஓரளவு காரணம் இருந்தது. ஓட்டியவரை அடையாளம் காட்ட நிறுவனத்துக்கு வழி குறைவாக இருந்தது. அந்தக் காலம் 2012 அக்டோபர் 1ஆம் தேதியோடு முடிந்தது. அறிவுரை மட்டும் இன்றும் வாய்வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அடுத்த திருப்பம் 2015இல் வந்தது. எசெக்ஸ் மாவட்டத்தின் செம்ஸ்ஃபோர்டு நகரில் ரிவர்சைடு ரீட்டெய்ல் பார்க் என்னும் கடைத்தொகுதி. அங்கே இரண்டு மணி நேரம் இலவசம். பேரி பீவிஸ் என்பவர் 2013 ஏப்ரலில் 56 நிமிடம் கூடுதலாக வண்டியை நிறுத்திவிட்டார். பார்க்கிங்ஐ நிறுவனம் 85 பவுண்டு கேட்டது. விரைந்து கட்டினால் 50. அவர் மறுத்தார். ஒரு மணி நேரம்கூட முழுதாக இல்லாத அந்தக் கூடுதல் நேரத்தால் யாருக்கும் 85 பவுண்டு நட்டமில்லை. ஆகவே இது தண்டத்தொகை, ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது என்பது அவர் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 நவம்பர் 4ஆம் தேதி, ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். டூல்சன் பிரபு ஒருவர்தான் மாறுபட்டார். கடைக்கு வருபவர்களுக்கு இடம் கிடைக்க வேண்டும், ரயிலேறிப் போகிறவர்கள் நாள் முழுக்க வண்டியைப் போட்டுவைக்கக் கூடாது என்பது நியாயமான நலன். அந்த நலனைக் காக்கும் அளவுக்கு மிஞ்சாத கட்டணம், நேரடி நட்டத்தைவிட அதிகமாக இருந்தாலும் செல்லும் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. அதே தீர்ப்பு, அங்கே நுழைவாயிலிலும் உள்ளேயும் ஏறக்குறைய இருபது பலகைகள் பெரிதாக, படிக்கும்படி இருந்தன என்பதையும் கணக்கில் கொண்டது.

இந்தத் தீர்ப்பை இரு தரப்பும் தவறாகப் படிக்கின்றன. இனி எந்தக் கட்டணமும் செல்லும் என்பதுபோல நிறுவனங்கள் அதைக் கடிதங்களில் காட்டுகின்றன. இனி எதிர்த்து நின்று பயனில்லை என்று வண்டி ஓட்டுபவர்கள் சோர்ந்துபோகிறார்கள். உண்மையில் அந்தத் தீர்ப்பு ஒரு வாதத்தை மட்டுமே மூடியது: தொகை பெரிது என்ற ஒரே காரணத்துக்காகக் கட்டணம் செல்லாது என்ற வாதத்தை. மற்ற கேள்விகள் அப்படியே திறந்திருக்கின்றன. பலகை கண்ணில் படும் இடத்தில் இருந்ததா, கட்டணத் தொகை அதில் தெளிவாகத் தெரிந்ததா, நிலத்தின் சொந்தக்காரர் அந்த நிறுவனத்துக்கு அதிகாரம் கொடுத்திருந்தாரா, கேமரா காட்டும் நேரம் வண்டி உண்மையில் நின்ற நேரமா அல்லது இடம் தேடிச் சுற்றிய நேரமும் அதில் சேர்ந்திருக்கிறதா, இயலாமை உள்ளவருக்கு 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் கேட்கும் சலுகை தரப்பட்டதா என்பவை ஒவ்வொரு வழக்கிலும் புதிதாக விசாரிக்கப்பட வேண்டியவை. எல்லாவற்றையும்விடத் துல்லியமான கேள்வி நான்காம் அட்டவணையில் இருக்கிறது. கண்ணாடியில் சீட்டு ஒட்டாமல் கேமராவை மட்டும் நம்பி அனுப்பப்படும் அறிவிப்பு, வண்டி நின்ற நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணி 14 நாளுக்குள் பதிவு உரிமையாளரின் கைக்குச் சேர வேண்டும். தபாலில் போட்டதற்கு இரண்டாவது வேலைநாளில் சேர்ந்ததாகச் சட்டம் கொள்ளும். அது பதினாறாம் நாள் வந்தால், உரிமையாளர் என்ற காரணத்துக்காக மட்டும் அவரிடம் பணம் கேட்க முடியாது. ஓட்டியவர் அவர்தான் என்று நிறுவனம் நிரூபிக்க வேண்டும். யார் ஓட்டினார் என்று ஒரு தனியார் நிறுவனத்துக்குச் சொல்லியே தீர வேண்டும் என்ற சட்டக் கடமை உரிமையாளருக்கு இல்லை. கடிதத்தின் தேதியையும் நிகழ்வின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் வழக்கின் போக்கையே மாற்றக்கூடும்.

இப்போது வழக்குப் படிவத்தையே கையில் எடுத்துப் பார்ப்போம். கோரிக்கை விவரம் என்ற கட்டத்தில் சில வரிகள்தான் இருக்கும்: வண்டியின் எண், இடத்தின் பெயர், தேதி, நிபந்தனை மீறப்பட்டது, ஆகவே இவ்வளவு பணம். வலப்பக்கத்தில் தொகைகள் அடுக்கப்பட்டிருக்கும். 100 பவுண்டில் தொடங்கியதன் மேல் கடன் வசூல் செலவு என்று 70 பவுண்டு ஏறியிருக்கும். 1984ஆம் ஆண்டின் கவுன்டி கோர்ட் சட்டத்தின் 69ஆம் பிரிவின் கீழ் ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி கேட்பது வழக்கம். 170 பவுண்டுக்கு ஓராண்டில் அது 13 பவுண்டு 60 பென்ஸ். அதன் மேல் கோர்ட் கட்டணம் 35 பவுண்டு, வழக்கறிஞருக்கு நிலையான செலவு 50 பவுண்டு. ஆக மொத்தம் 268 பவுண்டு 60 பென்ஸ். 60 பவுண்டில் முடிந்திருக்கக்கூடியது நாலு மடங்குக்கு மேல் ஆனதைக் கண்டதும் மனம் பதறுகிறது. இன்னும் தாமதித்தால் ஆயிரக்கணக்கில் ஏறிவிடும் என்ற பயம் தொற்றிக்கொள்கிறது. அந்தப் பயத்தில்தான் மோசமான சமரசங்கள் பிறக்கின்றன.

பயத்தைக் கணக்கால் சோதிப்போம். 10,000 பவுண்டு வரையிலான இத்தகைய வழக்குகள் சிறு கோரிக்கைப் பிரிவில் வருகின்றன. அங்கே தோற்றவர் ஜெயித்தவரின் வழக்கறிஞர் கட்டணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் பொது விதி. நிலையான செலவும், கோர்ட் கட்டணமும், சாட்சியின் பயணம் போன்ற சிறு செலவுகளும் மட்டுமே சேரும். யாராவது முறைகேடாக நடந்துகொண்டால்தான் கூடுதல் செலவுக்கு உத்தரவு வரும். 300 பவுண்டு வரையிலான கோரிக்கைக்கு விசாரணைக் கட்டணம் 27 பவுண்டு. ஆகவே படிவம் வந்த நாளில் கேட்கப்பட்ட தொகைக்கும், கடைசி வரை வாதாடித் தோற்றால் கொடுக்க வேண்டிய தொகைக்கும் உள்ள வித்தியாசம் சாதாரண வழக்கில் அந்த 27 பவுண்டும் இடைக்கால வட்டியாகச் சில பவுண்டும்தான். நீதிபதி 70 பவுண்டுச் சேர்க்கையை ஏற்காவிட்டால், ஓராண்டு வட்டியோடு 100 பவுண்டுக் கட்டணமும் செலவுகளும் சேர்ந்து 220 பவுண்டில் நிற்கும். படிவத்தில் கேட்டதைவிடவும் அது குறைவு. ஜெயித்தாலோ கட்டணம் ஒன்றுமில்லை. பயணச் செலவும், வேலைக்குப் போகாமல் இழந்த கூலிக்கு ஒரு நாளைக்கு 95 பவுண்டு வரையிலும் கேட்கலாம். எதிர்த்து நிற்பதற்கு ஆகும் பணச் செலவு நாம் கற்பனை செய்வதைவிட மிகச் சிறியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இரண்டாவது பயம், சிசிஜே என்று எல்லோரும் சொல்லும் கவுன்டி கோர்ட் தீர்ப்புப் பதிவு. இது வெறும் பூச்சாண்டி அல்ல. அந்தப் பதிவு ஆறு ஆண்டு நிற்கும். வீட்டுக் கடன், வாடகை வீடு, சில வேலைகள் எல்லாவற்றுக்கும் குறுக்கே நிற்கும். ஆனால் அது எப்போது ஒட்டிக்கொள்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தீர்ப்பு வந்த ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் பதிவு நீக்கப்படும். நேர்மையாக வாதாடித் தோற்று, உடனே கட்டுபவரின் பெயரில் கறை நிற்பதில்லை. கறை யார் மேல் படிகிறது? பதிலே போடாதவர் மேல். படிவம் வெளியிடப்பட்ட ஐந்தாம் நாள் அது சேர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது. அதிலிருந்து 14 நாளுக்குள், வழக்கு வந்தது தெரியும், எதிர்க்கிறேன் என்று ஒப்புகை அனுப்ப வேண்டும். அனுப்பினால் மறுப்புரை எழுத மொத்தம் 28 நாள் கிடைக்கும். இரண்டும் செய்யாதவருக்கு எதிராக, எந்த நீதிபதியும் பலகையைப் பார்க்காமல், தேதியை எண்ணாமல், நிறுவனம் கேட்ட மாத்திரத்தில் தீர்ப்பு பதிவாகிவிடும். வீடு மாறியதை டிவிஎல்ஏ-வுக்குத் தெரிவிக்காதவர்களுக்கு இது இன்னும் கொடுமை. படிவம் பழைய முகவரிக்குப் போய்ச் சேர்ந்து, தீர்ப்பு வந்ததே பல மாதம் கழித்துக் கடன் கேட்கும்போதுதான் தெரியவரும். அதை ரத்து செய்யக் கேட்கும் மனுவுக்கு மட்டும் 300 பவுண்டுக்கு மேல் கட்டணம். ஆக, அஞ்ச வேண்டியது வாதாடித் தோற்பதற்கு அல்ல, மௌனமாக இருப்பதற்குத்தான்.

இந்த இரண்டு கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் என் வாதத்தின் அடிப்படை விளங்கும். மறுப்புரை தாக்கல் செய்யும் வரை நிறுவனத்துக்கு உங்களோடு பேச வேண்டிய அவசியமே இல்லை. பேசாமல் இருந்தாலே தீர்ப்பு அதன் கையில் விழும். தாக்கல் செய்த மறுநாள் நிலை மாறுகிறது. இனி அது விசாரணைக் கட்டணம் கட்ட வேண்டும், சாட்சி அறிக்கை தயாரிக்க வேண்டும், நில உரிமையாளரோடு செய்த ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டியிருக்கும், விசாரணை நாளில் வழக்கறிஞர் ஒருவரை அனுப்ப வேண்டும். அந்த வழக்கறிஞரின் அன்றைய கட்டணத்தைச் சிறு கோரிக்கை விதிகளின்படி உங்களிடமிருந்து திரும்பப் பெற முடியாது. ஜெயித்தாலும் லாபம் கரைகிறது. தோற்றால் எல்லாம் போகிறது. அப்போதுதான் சமரசத்தில் இரு தரப்புக்கும் நலன் உண்டாகிறது. சமரசம் என்பது இரண்டு பேர் எதையோ விட்டுக்கொடுப்பது. எதையும் இழக்க வேண்டாத ஒருவர், எல்லாவற்றையும் இழக்கப்போவதாக நினைக்கும் ஒருவரிடம் பேசுவதைச் சமரசம் என்று எப்படிச் சொல்வது?

இங்கிலாந்தின் நீதிமன்றங்களும் இப்போது இந்தத் திசையில்தான் நடக்கின்றன. 2024 மே 22ஆம் தேதி முதல் தொடுக்கப்பட்ட பணக் கோரிக்கைகளில், மறுப்புரை வந்ததும் சிறு கோரிக்கைச் சமரசச் சேவைக்கு வழக்கு அனுப்பப்படுகிறது. இதற்குக் கட்டணம் இல்லை. ஒரு மணி நேரத் தொலைபேசிப் பேச்சு அது. நடுவர் ஒவ்வொரு தரப்பையும் தனித்தனியே அழைக்கிறார். இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. யார் பக்கம் நியாயம் என்று அவர் சொல்ல மாட்டார். ஒருவர் சொன்ன தொகையை மற்றவரிடம் கொண்டுபோவார். பேசியது எதையும் பிறகு நீதிபதியிடம் சொல்லக் கூடாது. கலந்துகொள்வது கட்டாயம், காரணமின்றி வராதவர் செலவுத் தொகை முதலிய விளைவுகளைச் சந்திக்க நேரலாம். நீதிமன்றம் இப்படிக் கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்விக்கு 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பதில் சொன்னது. வேல்ஸில் கவுன்சில் நிலத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் பரவிய ஜப்பானிய நாட்வீட் என்னும் களை பற்றிய சர்ச்சில் – மெர்தர் டிட்வில் வழக்கு அது. நீதிபதியின் முன் விசாரணை பெறும் உரிமையின் சாரம் கெடாதவரை, கோர்ட்டுக்கு வெளியே தீர்க்க முயலுமாறு உத்தரவிடலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஒன்றைக் கவனியுங்கள். பேச்சுக்கு வருவதுதான் கட்டாயம். உடன்படுவது ஒருபோதும் கட்டாயமில்லை.

அந்த ஒரு மணி நேரத்துக்கு என்ன தயாரிப்போடு போவது? தொலைபேசியை எடுக்கும் முன் ஒரு தாளில் மூன்று தொகைகளை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்: தோற்றால் அதிகபட்சம் எவ்வளவு, நம் வாதத்தின் பலத்தைப் பார்த்தால் எவ்வளவு நியாயம், எதற்கு மேல் போனால் பேச்சை முடித்துவிடுவோம். அறிவிப்பு காலம் கடந்து வந்திருக்கிறது, ஓட்டியவர் யாரென்பதற்கும் சான்றில்லை என்றால் நியாயமான தொகை பூஜ்யம். வழக்கை நிறுவனம் திரும்பப் பெற வேண்டும், அவரவர் செலவு அவரவருக்கு என்பதே சமரசம். பலகை தெளிவு, மீறலும் தெளிவு என்றால் 100 பவுண்டுக் கட்டணத்தையும் 35 பவுண்டுக் கோர்ட் கட்டணத்தையும் சேர்த்து 135 பவுண்டு தர முன்வருவது நேர்மையானது. கூடுதல் 70 பவுண்டு ஏன் என்று கேட்பதும் நேர்மையானதே. நான்காம் அட்டவணைப்படி பதிவு உரிமையாளரிடம் கேட்கக்கூடிய தொகை அறிவிப்பில் குறித்த கட்டணத்தைத் தாண்டக் கூடாது என்பது அங்கே வலுவான பதில். வாதம் இரு பக்கமும் சரிசமமாக இருக்கிறது என்றால் 220 பவுண்டில் பாதி, 110 பவுண்டு, பேச்சின் நடுப்புள்ளி. ஒரு நாள் விடுப்பின் மதிப்பை அதோடு கூட்டுவதும் குறைப்பதும் அவரவர் நிலைமை.

தொகையில் உடன்பாடு வந்ததும் வேலை முடிந்ததாக எண்ணுவதுதான் பெரிய ஆபத்து. நம்மில் சிலருக்குத் தமிழ்நாட்டின் லோக் அதாலத் பழக்கம். அங்கே எட்டிய சமரசம் நீதிமன்றத்தின் தீர்ப்பாணைக்குச் சமமாகி வழக்கு அத்தோடு முடியும். இங்கே சமரசம் ஓர் ஒப்பந்தம். அதில் எழுதியதுதான் பாதுகாப்பு. எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கில் என்பது எழுத்தில் வேண்டும். இந்தச் சீட்டு தொடர்பான எல்லாக் கோரிக்கைகளும் இத்தோடு முழுமையாகத் தீர்ந்தன என்ற வாசகம் வேண்டும். வழக்கு கைவிடப்படும் அல்லது நிறுத்திவைக்கப்படும், தீர்ப்பு எதுவும் கேட்கப்படாது என்ற உறுதி வேண்டும். சொன்ன தேதியில் பணம் கட்டத் தவறினால் நிறுவனம் மறுபடி கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்புக் கேட்கலாம்; ஆகவே கட்ட முடிகிற தேதியையே ஒப்புக்கொள்ள வேண்டும். கோர்ட் சேவைக்கு வெளியே கடிதத்தில் பேரம் பேசுவதாக இருந்தால், கடிதத்தின் தலையில் 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்று எழுதுவது நம் சலுகைப் பேச்சை ஒப்புதலாக நீதிபதியிடம் காட்டவிடாமல் காக்கும். பேச்சு நடந்துகொண்டிருக்கிறதே என்று 28 நாள் கெடுவைத் தவறவிடக் கூடாது. பேச்சு கடிகாரத்தை நிறுத்துவதில்லை. இன்னொரு பொறி: வழக்குப் படிவத்தோடு வரும் ஒப்புதல் படிவத்தை நிரப்பித் தவணை கேட்பது சமரசம் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் விளைவு தீர்ப்பு. எதைத் தவிர்க்க அந்தப் படிவத்தை நிரப்பினார்களோ அதுவே அவர்கள் பெயரில் பதிவாகிவிடுகிறது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். அவற்றில் வலுவானது அறம் சார்ந்தது. தவறான கோரிக்கைக்கு ஒரு பென்னி கொடுத்தாலும் அது அந்தத் தொழிலுக்குத் தீனி போடுவது. கொள்கைக்காகக் கடைசி வரை போராட வேண்டும் என்கிறார்கள். இந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் போராட்டத்தின் களம் எது என்பதைப் பார்க்க வேண்டும். சிறு கோரிக்கையில் மாவட்ட நீதிபதி சொல்லும் தீர்ப்பு அடுத்த நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. ஒரு நகரில் ஜெயித்த வாதம் பக்கத்து நகரில் தோற்கலாம். எல்லோரையும் கட்டுப்படுத்தும் உயரம் வரை ஒருவர் போனபோது கிடைத்த விடை 2015இல் நாம் பார்த்ததுதான். பொதுவான மாற்றங்கள் வேறு இடத்திலிருந்து வந்தன. சக்கரப் பூட்டைத் தடுத்தது நாடாளுமன்றம். தனியார் பார்க்கிங்குக்கு அரசின் நடத்தை விதி வேண்டும் என்று 2019இல் சட்டம் இயற்றியதும் நாடாளுமன்றமே. அதன்படி 2022 பிப்ரவரியில் வந்த விதித்தொகுப்பு பெரும்பாலான கட்டணங்களைக் குறைக்கவும், கூடுதல் வசூல் தொகையைத் தடை செய்யவும் இருந்தது. தொழில்துறை வழக்குத் தொடுத்ததும் அதே ஆண்டு ஜூனில் அது திரும்பப் பெறப்பட்டது. 2025 ஜூலையில் அரசு மறுபடி மக்களிடம் கருத்துக் கேட்டது. கொள்கைக்காகப் போராட விரும்புகிறவர் தன் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதும் கடிதம், தன் சொந்த வழக்கைச் சமரசமாக முடிப்பதால் வலுவிழப்பதில்லை. மேலும், நியாயமான தொகை பூஜ்யம்தான் என்றால் பூஜ்யத்துக்கு மேல் கொடுக்காதீர்கள் என்றே நானும் சொல்கிறேன். கொள்கைக்கு அங்கே முழு இடமும் இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு: எதிர்த்தால் நிறுவனங்கள் கடைசி நேரத்தில் வழக்கைக் கைவிடுகின்றன, பிறகு எதற்குச் சமரசம்? விசாரணைக் கட்டணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கும்போது விலகிக்கொள்ளும் நிறுவனங்கள் இருக்கின்றன என்பது மெய். ஆனால் உங்கள் வழக்கில் அப்படி நடக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. அவர்கள் விலகினால் அதற்குக் காரணமும் தாக்கலாகியிருக்கும் மறுப்புரைதான். ஆகவே இந்த மறுப்பு என் கருத்தை உறுதியே செய்கிறது: வலுவான மறுப்புரை உள்ளவர் பேச்சில் பொறுமையாக இருக்கலாம், காத்திருக்கலாம், வேண்டாம் என்று சொல்லலாம். பலவீனமான வாதம் உள்ளவர் அந்த நம்பிக்கையில் சூதாடக் கூடாது.

மூன்றாவது மறுப்பை நான் எளிதாகத் தள்ள மாட்டேன். சமரசப் பேச்சு ரகசியம். ஆகவே மோசமான பலகைகளும் தவறான கேமராப் பதிவுகளும் வெளியே தெரியாமலே போகின்றன. ஒவ்வொரு குடும்பமும் தனியாகத் தீர்த்துக்கொள்ள, தவறு தொடர்கிறது என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. தீர்ப்பு பகிரங்கமாகச் சொல்லும் ஒன்றைச் சமரசம் சொல்வதில்லை. ஆனால் ரகசியமாக இருப்பது நடுவரோடு பேசிய பேச்சு மட்டும்தான். பலகையின் புகைப்படமும், தேதி கடந்து வந்த அறிவிப்பும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. அவற்றை நில உரிமையாளரான கடைத்தொகுதிக்கு அனுப்பலாம், நிறுவனம் சேர்ந்திருக்கும் தொழில்துறைச் சங்கத்துக்குப் புகார் செய்யலாம், டிவிஎல்ஏ-வுக்கு எழுதலாம். இதையெல்லாம் பேசவே கூடாது என்று வாய்ப்பூட்டுப் போடும் வாசகத்தை உடன்பாட்டில் சேர்க்கக் கேட்டால் மறுத்துவிடலாம். எத்தனை வழக்குகள் தொடுக்கப்பட்டன, எத்தனை கைவிடப்பட்டன என்பதை ஒவ்வொரு நிறுவனமும் வெளியிட வேண்டும் என்று அரசு விதிப்பதே இந்தக் குறைக்கு உரிய மருந்து என்பது என் துணிபு.

நான்காவது மறுப்பு நம் சமூகத்துக்கு நெருக்கமானது. ஆங்கிலம் தடுமாறும் ஒரு பெரியவர், தொலைபேசியில், தினமும் இதே வேலை செய்யும் ஒரு நிறுவனத்தோடு எப்படிச் சமமாகப் பேசுவார்? பேச மாட்டார், அதனால்தான் எழுத்து முதலில் வர வேண்டும் என்கிறேன். மறுப்புரையை அவசரமில்லாமல், வீட்டில், பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதலாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் இலவச ஆலோசனை கேட்கலாம். தேதிகளும் தொகைகளும் புகைப்படங்களும் தாளில் ஏறிவிட்டால், தொலைபேசியில் தெரிய வேண்டிய ஆங்கிலம் ஒரு சில எண்கள்தான். கோர்ட்டில் நின்று குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்வதைவிட இந்த வழி அந்தப் பெரியவருக்கு நிச்சயமாக இலகுவானது.

வழக்கே வேண்டாம் என்பவருக்கு இன்னும் முன்னாலேயே வாசல்கள் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீட்டு வந்ததும் நிறுவனத்திடமே முறையிடலாம். மறுத்தால், அது எந்தச் சங்கத்தைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்து பாப்லா அல்லது ஐஏஎஸ் என்னும் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். பாப்லாவில் நீங்கள் ஜெயித்தால் நிறுவனம் கட்டுப்பட வேண்டும். தோற்றாலும் கோர்ட்டில் வாதாடும் உரிமை உங்களுக்குப் போகாது. வழக்குக்கு முந்தைய கடிதம் வந்தால் பதில் சொல்ல 30 நாள் உண்டு. ஆவணங்களைக் கேட்கலாம், தொகையைப் பற்றிப் பேசலாம். ஒவ்வொரு வாசலிலும் விதி ஒன்றுதான். முதலில் உங்கள் நியாயத்தை எழுத்தில் வையுங்கள், பிறகு பேச்சைத் தொடங்குங்கள்.

தீர்ப்பு நீதிமன்றத்தின் உயர்ந்த பணி. அதற்காக ஒவ்வொரு 100 பவுண்டுத் தகராறும் தீர்ப்பில்தான் முடிய வேண்டும் என்பதில்லை. தீர்ப்பு கிடைக்கும் என்ற உறுதி பின்னால் நிற்பதால்தான் அதற்கு முன்னால் நடக்கும் பேச்சுக்கு மதிப்பு வருகிறது. அந்த உறுதியைத் தக்கவைக்கும் கருவி நம் கையெழுத்தோடு கெடுவுக்குள் போய்ச் சேரும் மறுப்புரை. ஆகவே இங்கே வந்திருக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலக் கடிதம் கண்டு தயங்கும் பெரியவர்களிடம், பிரிக்காத உறை ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் உட்கார்ந்து தேதிகளை எண்ணுங்கள், கெடுவைக் காலண்டரில் குறியுங்கள், மறுப்புரையை எழுத உதவுங்கள். அதன்பின் அவர்கள் கட்டுவதா, பேசுவதா, விசாரணைக்குப் போவதா என்பது அவர்களே தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.